தூசி இடம் மாறாது

மே 13, செவ்வாய்

எடை: போகும்போது 63.8, வரும்போது 61.5. தண்ணீர்: 750 மில்லி.

இந்த நோட்டு என்னுடையது இல்லை. என் கணவர் சண்முகசுந்தரத்தின் சிறுநீரகத்துடையது. எடை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மில்லி, காய்ச்சல் உண்டா, கால் வீக்கம் உண்டா என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வருடத்தில் இது மூன்றாவது நோட்டு. பிரிட்ஜ் மேல் கிடக்கும். காலையில் எடை பார்த்து அவரே எழுதுவார், மற்றதை நான் எழுதுவேன். எண்களாக எழுதி அலுத்துப்போய், மிச்ச இடத்தில் என் புலம்பலையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் எண்களைத் தாண்டிப் படிப்பதில்லை. செய்தித்தாளையே தலைப்போடு மடித்து வைக்கிற ஆள்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவர் நான்கு மணி நேரம் அங்கே படுத்திருக்க, நான் கணபதிப் பகுதியில் இருக்கும் என் மாடியறை ஸ்டுடியோவுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போவேன். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அதிலும் கண்ணாடிச் சாமான் என்றால் கோயமுத்தூரில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். பாட்டில், ஜாடி, டம்ளர், எதுவானாலும். மாப்பிள்ளை பெண் மாதிரி கண்ணைச் சிமிட்டிப் படத்தைக் கெடுக்காது.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, அவர் ரத்தம் குழாயில் வெளியே ஓடி மெஷினைச் சுற்றிவருவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இன்று மருந்துக் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவு ஆரோக்கியநாதன் சார் வந்தார். போன வருடம் அவர்கள் கேட்லாக்கை நான்தான் எடுத்தேன். ஒரு தெர்மோகோல் பெட்டியில் நாற்பது ஊசி மருந்துக் குப்பிகள். ஊதா மூடி, உள்ளே தண்ணீர் போன்ற மருந்து.

"பின்னாடி லைட் வெச்சு எடுங்க மேடம். ஒவ்வொண்ணுலயும் மூணு படம், திருப்பித் திருப்பி. பெருசாக்கிப் பார்க்கிற மாதிரி இருக்கணும். வெள்ளிக்கிழமை வேணும்" என்றார். அவசரத்தில் இருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்லாக் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 14, புதன்

எடை 62.0. தண்ணீர் 700.

முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் கண்ணாடி படத்தில் விழாது. அறையில் இருக்கும் சாமான் எல்லாம் அதில் விழும், என் மூக்கு உட்பட. அதனால் பால் நிற அக்ரிலிக் தகடு ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் விளக்கு. முன்னால் குப்பி. குப்பியின் இரு பக்கமும், கேமராவின் பார்வைக்கு வெளியே, கறுப்பு சார்ட் அட்டை. அந்தக் கறுப்பு கண்ணாடியின் ஓரத்தில் ஏறி, மை தீட்டிய மாதிரி ஒரு கோடு கொடுக்கும். அந்தக் கோடு விழும்போது வரும் சந்தோஷத்துக்காகத்தான் இருபது வருடமாக இதில் கிடக்கிறேன்.

கையுறை போட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒவ்வொரு குப்பியையும் துடைத்தேன். தூசி பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன். மே மாத வெயில், தகர ஷீட்டுக்குக் கீழே அறை. நூற்றிருபது படம் முடிப்பதற்குள் நானே பாதி வெந்துவிட்டேன்.

இவ்வளவு துடைத்தும் உள்ளே புள்ளி புள்ளியாகக் குப்பை தெரிகிறது. இன்னும் நன்றாகத் துடைத்திருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

எடை 62.9. தண்ணீர் 800. மோர் கேட்டு அடம். ஐம்பது மில்லி கொடுத்தேன்.

காலையில் உருளைக்கிழங்கை, அவருக்கு ஆகாத பொட்டாசியம் போகட்டும் என்று, இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறை தண்ணீரை வடித்து, ருசி எதுவும் மிச்சமில்லாமல் ஒரு பொரியல். "கிழங்கு செத்தே போச்சு புள்ள" என்றார். சாப்பிட்டுவிட்டார்.

பிறகு நாள் முழுக்க எடிட்டிங். தூசி இரண்டு விதம். கேமராவுக்குள் ஒட்டிய தூசி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். கண்ணாடி மேல் ஒட்டிய தூசி கண்ணாடி திரும்பினால் கூடவே திரும்பும். ஒட்டின இடத்தை விட்டு இரண்டும் நகராது. அழிக்கும் கருவிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பிளாஸ்திரி படம் போட்டிருப்பான். பிளாஸ்திரியை எடுத்துப் புள்ளி மேல் வைத்தால் பக்கத்து வெளிச்சத்தை இழுத்து மூடிவிடும். காயம் இருந்த சுவடே இருக்காது.

பதினேழாம் குப்பி மாதிரி ஒன்றிரண்டு மட்டும் ஆட்டம் காட்டின. முதல் படத்தில் புள்ளிகள் கழுத்தருகே இருந்தன, மூன்றாவதில் அடியில். மின்விசிறி ஓடியிருக்கும். நிறுத்தினேன் என்றுதான் நேற்று எழுதியிருக்கிறேன். நடுவில் போட்டிருப்பேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். என் கையிலிருந்து குப்பையோடு ஒரு படம் வெளியே போனதில்லை.

மே 16, வெள்ளி

எடை: 63.6, 61.4. தண்ணீர் 700.

படங்களை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஆரோக்கியநாதன் சார் கூப்பிட்டு, "ரொம்ப நன்றி மேடம். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. வயித்துல பால வார்த்தீங்க" என்றார். ஒரு கேட்லாக் படத்துக்கு இவ்வளவு உருக்கமா என்று சிரித்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

எடை: 63.9, 61.6. குறை ஒன்றுமில்லை.

மே 23, வெள்ளி

எடை: 64.0, 61.7. தண்ணீர் எழுத மறந்தேன்.

டயாலிசிஸ் தொடங்கி அரை மணியில் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. நல்லவேளை, இன்று நான் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. "குளுருது கோதை" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பூங்கோதை என்று முழுதாகவே கூப்பிடுகிறவர், பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டார். பல் கிட்டிக்கொண்டது. கட்டிலே தடதடவென்று ஆடியது. கம்பளி மேல் கம்பளியாகப் போட்டு அவர் காலை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா சிஸ்டர் ஓடிவந்து ஒரு ஊசி போட்டார்.

"சிலருக்கு இப்பிடி வரும்க்கா. பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னால் பயம் கேட்கிறதா? எதிர்க் கட்டில் வாசுகி டீச்சர், ஒரு கை மெஷினில் இருக்க மறு கையால் ஜெபமாலை உருட்டுவது போல அவருடைய சிவப்புப் பேனாவை உருட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 27, செவ்வாய்

எடை: 63.5, 61.5.

மறுபடியும் உதறல். நாற்பது நிமிடம்.

மே 28, புதன்

காய்ச்சல் 101. தண்ணீர் 500தான் குடித்தார். இன்று வேலைக்குப் போகவில்லை. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கறேன் புள்ள, போய் வேலையப் பாரு" என்றார்.

மே 30, வெள்ளி

எடை: 63.2, 61.3. உதறல், காய்ச்சல் 102.

ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லையாம். சிஸ்டர் மெல்லச் சொன்னார், இந்த மாதம் இவரோடு ஐந்து பேருக்கு இப்படி வந்திருக்கிறது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டு பில்டரை மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர்தான் காரணம் என்று கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெயர் தெரிந்த பயம் பாதிப் பயம்தான்.

ஜூன் 3, செவ்வாய்

எடை: 63.7, 61.6. புது பில்டர். உதறல் வந்தது.

சிஸ்டர் மருந்து ஏற்றுவதை இன்றுதான் நின்று பார்த்தேன். மெஷினில் சுற்றும்போது ரத்தம் உறையாமல் இருக்க, ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் ஒரு மருந்து போடுவார்கள். தட்டில் இருந்த குப்பிக்கு ஊதா மூடி.

அந்த மூடியை எனக்குத் தெரியும். நாற்பது மூடியைத் துடைத்தவள் நான். கழுத்துப் பகுதியில் கண்ணாடி சற்றே தடித்திருக்கும், அங்கே கறுப்புக் கோடு இரண்டாகப் பிரியும்.

எத்தனையோ கம்பெனி ஊதா மூடி போடுவான். காய்கறி வாங்க வேண்டும். கியாஸ் சிலிண்டர் பதிந்தாகிவிட்டது.

ஜூன் 4, புதன்

எடை 62.4. தண்ணீர் 750.

ஆரோக்கியநாதன் சார் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் இன்னொரு தெர்மோகோல் பெட்டி.

"அதே மாதிரி இன்னும் நாப்பது எடுத்துக் கொடுங்க மேடம். போன தடவை எடுத்தது பெரிய உபகாரமாப் போச்சு" என்றார். டீ வாங்கி வரச் சொல்லி உட்காரவைத்தேன். எதற்கு இந்தப் படங்கள் என்று அப்போதுதான் கேட்டேன். இருபது நாள் கழித்து.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்திருக்கிறது, மருந்துக்குள் ஏதோ மினுங்குகிறது என்று. கம்பெனியில் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பெண், உள்ளே செதில் இருக்கிறது என்றாள். மேலாளர், அது கண்ணாடியின் வெளியே ஒட்டிய தூசி என்றார். வாக்குவாதம் முற்றி, வெளியாளை வைத்துப் பெரிய படமாக எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவாகியிருக்கிறது.

"உங்க படத்த டிவில போட்டு எல்லாரும் உக்காந்து பார்த்தோம். நூத்தி இருபதுலயும் ஒரு புள்ளி கிடையாது. அனுப்பின பெட்டிங்கள உபயோகிக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்தோம். அன்னைக்கே போன் போட்டு தாராளமா உபயோகிங்கன்னு சொல்லிட்டோம்."

"அந்தப் பொண்ணு?"

"அத பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. கண்ணு சரியில்லாதவங்கள அந்த வேலைல வெச்சுக்க முடியாதுல்ல மேடம்."

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். நீங்கள் கேட்காமலே நான்தான் எல்லாப் புள்ளியையும் எடுத்தேன் என்று ஒரு வாக்கியம். வாய்க்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை. பெட்டியை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கதவைத் தாழிட்டேன். ஏன் தாழிட்டேன் என்று தெரியவில்லை.

மின்விசிறி ஓடவில்லை. நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

எடை 62.9. தண்ணீர் 800.

அழிப்பதற்கு முந்தைய அசல் படங்கள் இப்போது என்னிடம் இல்லை. வேலை முடிந்ததும் இடம் போதாமல் அழித்துவிடுவது வழக்கம். அதனால் நான் சொன்னாலும் நிரூபிக்க ஒன்றுமில்லை. வாய் வார்த்தையை யார் நம்புவார்கள்? போலீஸ் வரும், பேப்பரில் போட்டோவோடு வரும், இவரை அந்த சென்டரில் சேர்க்கமாட்டோம் என்பார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை இவரை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

எதிர்த் தெரு ஊறுகாய்க் கடைக்காரருக்கு ஆறு ஜாடி எடுத்தேன். எலுமிச்சை ஜாடிக்குப் பின்னால் வெளிச்சம் போட்டால் அவ்வளவு அழகு. இன்று பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

எடை: 63.8, 61.5. உதறல் இல்லை! காய்ச்சல் இல்லை!

காலையில் டாக்டரிடம், "இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கலையோ என்னமோங்க. வெளிய வேற கம்பெனிது வாங்கிட்டு வந்து போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். வாங்கிப் பாருங்களேன் என்றார். மெடிக்கலில் வாங்கி வந்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுழற்றி, நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் சிஸ்டரிடம் கொடுத்தேன். நான்கு மணி நேரமும் குறட்டை விட்டுத் தூங்கினார். மருதமலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

எதிர்க் கட்டிலில் வாசுகி டீச்சருக்கு உதறல் வந்தது. எங்கள் கம்பளியைக் கொடுத்தேன். அவர் காலையும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 7, சனி

எடை 62.2. தண்ணீர் 700.

பதினேழாம் குப்பியில் ஏழு. இருபத்திரண்டில் பதினொன்று. முப்பத்தைந்தில் எண்ண முடியவில்லை, சின்னச் சின்னச் செதில், மீன் செதில் மாதிரி வளைந்து. ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில். தூசி இடம் மாறாது. தண்ணீருக்குள் மிதப்பதுதான் இடம் மாறும். கண்ணாடியின் உள்பக்கம் உரிந்து விழுகிறது போல. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். இந்தத் தொழிலில் நாலு மாதம் இருந்தால் போதும். நான் இருபது வருடம் இருக்கிறேன்.

எல்லாம் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

எடை 63.0. தண்ணீர் 650.

டீச்சர் ஆஸ்பத்திரி வார்டில் சேர்ந்திருக்கிறாராம், காய்ச்சல் இறங்கவில்லை. சிஸ்டர் போனில் சொன்னார். நானாகத்தான் கூப்பிட்டுக் கேட்டேன்.

மீதி ஐந்து கட்டில்களிலும் செவ்வாய்க்கிழமை ஆள் படுப்பார்கள். அவர்களுக்கு மெடிக்கலில் வாங்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை எழுதிவிட்டேன், பதில் எழுத பயமாக இருக்கிறது. என் புருஷன் பிழைத்தால் போதும் என்று ஒருத்தி நினைப்பது பெரிய பாவமா? பாவம்தான். ஆனால் எனக்கு அவர் வேண்டும்.

மத்தியானம் இரண்டாவது பெட்டியைத் திறந்தேன், மூடினேன். நாளை எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, திங்கள்

எடை 63.4.

எல்லாப் பக்கமும் படித்தேன்.
சண்முகசுந்தரம்

(மேலே இருக்கும் மூன்று வரியும் அவர் கையெழுத்து. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். "கொஞ்சம் உப்பு" என்றார். "உப்பு ஆகாதுங்க" என்றேன். வேறு பேச்சே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் 600.)

ஜூன் 10, செவ்வாய்

எடை: 63.9. பின் எடை பார்க்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டோவில் போகும்போது என் கைப்பையில் மெடிக்கலில் வாங்கிய குப்பி இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே போய்ப் படுத்தார். டீச்சர் கட்டில் காலியாக, விரிப்பு மாற்றி, சுருக்கமில்லாமல் இருந்தது. சிஸ்டர் இவர் கையில் ஊசிகளைக் குத்தி டேப் ஒட்டினார். நான் என் குப்பியை நீட்டினேன்.

"அது வேண்டாமுங்க சிஸ்டர்" என்றார் இவர். "எல்லாருக்கும் எத போடறீங்களோ அதையே எனக்கும் போடுங்க."

"ஏன் சார், அக்கா வாங்கிட்டு வந்திருக்காங்களே. போன தடவ நல்லா இருந்துச்சுல்ல?"

"இருக்கட்டுமுங்க. நான் என்ன ஒசத்தி? அந்தப் பெட்டியில இருக்கறதப் போடுங்க."

"ஏனுங்க, என்னுங்க இது" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பயம் இருந்தது. அவருக்கும் பயம்தான், உதடு காய்ந்து நடுங்கியது. இருந்தாலும் கையை நீட்டியே வைத்திருந்தார். பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டியபோது, அளவு தப்பிய உதிரிப் பாகத்தைத் தனியே எடுத்து, கழிசல் என்று சிவப்புச் சீட்டு கட்டித் தொங்கவிடுவோம் என்று அடிக்கடி சொல்வார். தானே செய்த உதிரியாக இருந்தாலும் சீட்டு கட்ட வேண்டும் என்பார்.

சிஸ்டர் தோளைக் குலுக்கிவிட்டு பெட்டியிலிருந்து ஊதா மூடிக் குப்பியை எடுத்தார். மூடியைத் திறந்தார். ரப்பரைப் பஞ்சால் துடைத்தார். சிரிஞ்சை எடுத்தார்.

குப்பியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"அக்கா!"

"ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம். இத பாருங்க."

என் போனில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றினேன். போனைக் குப்பிக்குப் பின்னால், சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். பக்கத்தில் என் கறுப்புக் கைப்பையை அண்டக் கொடுத்தேன். எந்தக் கோணம் என்று என் கைக்குத் தெரியும். குப்பியை ஒரு சுழற்றுச் சுழற்றி நிறுத்தினேன். மருந்து சுற்றியது. கண்ணாடி நின்றுவிட்டது, உள்ளே இருந்தவை நிற்கவில்லை. மினுக் மினுக்கென்று மெல்ல இறங்கின.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இயேசப்பா" என்றார்.

டாக்டர் வந்தார். பெட்டியிலிருந்து இன்னும் நான்கு குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக என்னையே காட்டச் சொன்னார். மூன்றில் இருந்தது. பெட்டியை எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மற்ற கட்டில்களில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சது?" என்று டாக்டர் கேட்டார்.

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். நான் எடுத்த படம், நான் அழித்த புள்ளி, என்னை யாரும் அழிக்கச் சொல்லவில்லை, போன புதன்கிழமையே தெரியும், வெள்ளிக்கிழமை இவருக்கு மட்டும் வேறு வாங்கிக் கொடுத்தேன். மூலைக் கட்டில் பெரியவர், "ஏம்மா, வெள்ளிக்கிழமை எனக்கும் போட்டாங்களேம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இவருக்கு என் கைப்பையில் இருந்த குப்பியைத்தான் போட்டார்கள். மற்றவர்களுக்கு மெடிக்கலில் வாங்கி வர ஆள் ஓடியது. நானும் ஓடினேன்.

ஜூன் 11, புதன்

எடை 62.1. தண்ணீர் 700.

ஆரோக்கியநாதன் சாரைக் கூப்பிட்டேன். முழுதும் கேட்டார்.

"நான் தூசிய எடுக்கச் சொன்னேனா மேடம்?"

"சொல்லலீங்க."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

"பழக்கமுங்க. குப்பையோட குடுத்தா அசிங்கம்னு நெனச்சேன்."

"அசிங்கமா?" என்றார். அப்புறம் அவர் குரல் உடைந்தது. "பதினாறாயிரம் குப்பி போயிருக்கு மேடம். எங்கெங்கன்னு லிஸ்ட் எடுக்கணும். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க." அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். எந்தப் பெண் என்றார். செதில் இருக்கிறது என்று சொன்ன பெண். கலைவாணி என்றார். அவளிடம் நான் பேச வேண்டும் என்றேன். முதலில் படத்தை அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார்.

மேஜையின் கீழ் இழுப்பறை, துடைக்கும் துணிகளுக்கு அடியில் ஹார்ட் டிஸ்க். நூற்றிருபது படமும் எடுத்தது எடுத்தபடி இருக்கிறது. அசல் படம் எதையும் நான் அழித்ததில்லை, அழிக்கிற வழக்கமும் எனக்கு இல்லை. கம்பெனிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று பிரதி எடுத்தேன். அனுப்பும்போது திரையின் ஓரத்தில் அந்தப் பிளாஸ்திரி தெரிந்தது. மூடிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எடை 62.6. தண்ணீர் 650.

டாக்டர் கூப்பிட்டார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து நாளை வருகிறார்கள். இவருக்கு எந்தெந்தத் தேதியில் உதறல், எவ்வளவு நேரம், எவ்வளவு காய்ச்சல் என்ற விவரம் வேண்டுமாம். "நீங்க எழுதி வெப்பீங்களே, அந்த நோட்ட கொண்டு வாங்க" என்றார். செதிலால்தான் உதறல் என்று இப்போதே சொல்ல முடியாது, சோதித்துத்தான் தெரியும் என்றார். உள்ளே போனது என்ன செய்யும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற வார்த்தையைப் போலப் பயமானது எதுவும் இல்லை. டீச்சர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். காய்ச்சல் நூறு. பார்க்கப் போனேன், அவர் தங்கை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதிகளை மட்டும் அழகாகக் கட்டம் போட்டு எழுதினேன். மே 23, 27, 30, ஜூன் 3. பக்கத்தில் நிமிடம், காய்ச்சல். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. புலம்பல் இல்லை, மின்விசிறி இல்லை, ஊறுகாய் ஜாடி இல்லை, டீச்சருக்குக் கம்பளி கொடுத்தது இல்லை. ரொம்பச் சுத்தமாக இருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இவர் பின்னால் வந்து நின்றார். "ஏம்புள்ள, நோட்டத்தான கேட்டாங்க?" என்றார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளைத்தாளை எடுத்து நான்காக மடித்தார். டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டு தன் ஐம்பது மில்லி மோரைக் குடித்தார்.

ஆகவே இந்த நோட்டை அப்படியே கொடுக்கிறேன். படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். மே 15 அன்று மின்விசிறியைப் பற்றி நான் எழுதியது பொய். ஜூன் 5 அன்று அசல் படங்கள் இல்லை என்றும், ஜூன் 7 அன்று நினைவிலிருந்து எழுதுகிறேன் என்றும் எழுதியதும் பொய். எதையும் அடிக்கவில்லை. எழுதின இடத்திலேயே இருக்கின்றன.